குடலுக்கும் மனசுக்கும் நடுவே

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



"உங்களுக்கு இருப்பது ஐ.பி.எஸ்." என்று டாக்டர் சொன்னபோது, "நான் வெறும் பேங்க் ஆபீசர்தானே டாக்டர்!" என்றேன். அவர் சிரித்துவிட்டார். இரிடபிள் பவல் சின்ட்ரோம் என்பதன் சுருக்கமாம் அது. வயிற்று வலி, உப்புசம், சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். ஸ்கேன், கொலனாஸ்கோபி எல்லாம் எடுத்தால் ஒன்றுமில்லை என்றே வரும். ஆனால் வலி மட்டும் நிஜம். இருபது வருஷம் அதோடு குடித்தனம் நடத்தினேன்.

"சபையில் பேசுகிற விஷயமா இது?" என்று என் மனைவி கேட்டாள். பேசாமல் இருந்ததால் நான் பட்டதைச் சொல்கிறேன். 2018-ல் கும்பகோணத்தில் என் அண்ணாவுக்கு சஷ்டியப்தபூர்த்தி. அப்பா போன பின் என்னைப் படிக்க வைத்தவர் அவர். புனேயிலிருந்து டிக்கெட் எடுத்தாயிற்று. கிளம்புவதற்கு முதல் நாள் வயிறு பிசைய ஆரம்பித்தது. ரயிலில் என்ன செய்வது? ஹோமத்தின் நடுவே எழுந்து ஓட நேர்ந்தால்? "ஆடிட் இருக்கு, லீவு கிடைக்கலை" என்று பொய் சொல்லிவிட்டேன். அண்ணா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

மருந்தும் பத்தியமும் ஓரளவுக்கே கேட்டன. அப்போதுதான் டாக்டர், "ஹிப்னோதெரபி செய்து பாருங்கள்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையில் ஒருவரைத் தூங்க வைத்து, எலுமிச்சம்பழத்தை ஆப்பிள் என்று தின்ன வைப்பார்களே, அதுவா?

அது வேறு, இது வேறு. 1984-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாக்டர் பீட்டர் வோர்வெல் குழுவினர், எந்த மருந்துக்கும் மசியாத 30 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஹிப்னோதெரபி பெற்ற 15 பேருக்கு மற்றவர்களைவிட மிக நல்ல குணம் தெரிந்தது. 'லான்செட்' மருத்துவ இதழில் அது வெளியாயிற்று. 2015-ல் அதே ஊரில் 1000 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 76 சதவீதம் பேருக்கு நோயின் கடுமை நன்றாகக் குறைந்திருந்தது. ஓராண்டு மருந்து சாப்பிட்டும் கேட்காதவர்களுக்கு இதையும் யோசிக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2008-லேயே சொல்லிவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? பரீட்சை நாளன்று வயிறு கலக்குவது நமக்கெல்லாம் தெரியும். மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் வழியே ஓயாமல் சேதி போய் வந்துகொண்டிருக்கிறது. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குக் குடலின் சாதாரண அசைவுகூட மூளையில் வலியாகப் பதிவாகிறது. பயந்தால் வலி கூடுகிறது. வலி கூடினால் பயம் கூடுகிறது. இந்தச் சுழலை அவிழ்ப்பதுதான் சிகிச்சை.

எனக்குச் சிகிச்சை அளித்தவர் ஒரு மனநல நிபுணர், மராத்திக்காரப் பெண்மணி. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நினைவு தப்பாது, நம் இஷ்டம் இல்லாமல் எதுவும் செய்ய வைக்க முடியாது. மூச்சு நிதானப்பட்டதும், கையை வயிற்றின் மேல் வைத்து அந்தச் சூடு உள்ளே பரவுவதாக நினைக்கச் சொன்னார். பிறகு, சீராக ஓடும் ஒரு நதியை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னார். "எந்த நதி?" என்றேன். "உங்களுக்குப் பிடித்தது." திருவையாற்றுப் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்த சின்ன வயசு ஞாபகம் வந்தது. அந்தக் காவேரிதான் என் குடல் என்று வைத்துக்கொண்டேன். தடங்கலும் இல்லை, வெள்ளமும் இல்லை. வாரம் ஒரு முறை என்று பன்னிரண்டு வாரம். வீட்டில் தினமும் இருபது நிமிஷம் நாமே பழக வேண்டும்.

இரண்டாவது மாதத்தில் வலி குறைந்தது. அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் எப்போதாவது வரும். ஆனால் அதைக் கண்டு நான் பயப்படுவதில்லை.

ஒரு எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, ஐம்பது வயசுக்கு மேல் புதிதாக வந்த தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரிடம் ஓடுங்கள். வேறு வியாதி இல்லை என்று உறுதியான பிறகே இந்தச் சிகிச்சை. அதையும் முறையாகப் பயின்ற மருத்துவர் அல்லது மனநல நிபுணரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். விளம்பரம் பார்த்துப் போகாதீர்கள்.

சிகிச்சை முடிந்ததும் கும்பகோணம் போனேன். ரயிலில்தான். அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொல்லி நமஸ்காரம் பண்ணினேன். "அசடே, இதைச் சொல்ல ஒரு வருஷமாடா? நான் என்ன தப்பு பண்ணினேனோன்னு யோசிச்சிண்டிருந்தேன்" என்றார்.

நம் ஆத்துக் கல்யாணங்களுக்கு வராமலே இருக்கும் ஒரு சித்தப்பாவோ அத்தையோ உங்களுக்கும் இருக்கலாம். கோபித்துக்கொள்வதற்கு முன் ஒரு வார்த்தை தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கஷ்டப்படுகிறவர்கள் இந்தச் சபையிலேயே இருந்தால், வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுதான் என் வேண்டுகோள்.