நம்ம பணத்தை நாம எப்போ எடுக்கிறது?

ஆசிரியர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து…



உங்க பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையை நினைச்சுப் பாருங்க. ஒரு நாற்காலியில் 2002-ல் வேலைக்கு வந்தவர். பக்கத்து நாற்காலியில் 2004-ல் வந்தவர். ஒரே வேலை, ஒரே ஊதிய விகிதம். ரெண்டு வீட்டிலும் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டணும். முதலாமவர் ஜி.பி.எஃப். முன்பணத்துக்கு விண்ணப்பம் எழுதுகிறார். இரண்டாமவர் நகையை எடுத்துக்கிட்டு அடகுக் கடைக்குப் போகிறார்.

அவருக்குச் சேமிப்பு இல்லையா? இருக்கு. 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டிலும் 10 சதவீதத்தை சி.பி.எஸ்.-க்குப் பிடிக்கிறார்கள். ரெண்டும் சேர்ந்து 60,000 ரூபாய் என்றால் மாதம் 6,000. வருஷத்துக்கு 72,000. ஆனால் பணியில் இருக்கும்வரை அதிலிருந்து ஒரு ரூபாய் முன்பணம் கிடையாது!

நாம் எதிர்க்கிற ஒன்றிய அரசின் என்.பி.எஸ்.-ல்கூட, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மருத்துவம், பிள்ளைகள் படிப்பு, திருமணம், வீடு என்று குறிப்பிட்ட தேவைகளுக்குத் தன் பங்கில் 25 சதவீதம் வரை எடுக்கலாம். அந்த அளவுக்குக்கூட இங்கே வழி இல்லை.

இதனால் சிலர், "ராஜினாமா பண்ணினா மொத்தமா வருமே" என்று யோசிக்கிறார்கள். அவசரப்படாதீங்க. கடன் அடையும், வேலை போயிடும். பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கும் சொல்றேன்: விருப்ப ஓய்வு வேறு, ராஜினாமா வேறு. ராஜினாமா கடிதம் கொடுத்தால் அதுவரை பார்த்த பணிக்காலமே ஓய்வூதியக் கணக்கில் இல்லாமல் போகும். ஒரு வார்த்தையில் இருபது வருஷ உழைப்பு போயிடும். கையெழுத்துக்கு முன்னாடி சங்க நிர்வாகிகளிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

எடுக்க அனுமதி கேட்டால், "முன்கூட்டியே எடுத்துக்கிட்டீங்களே, அப்புறம் ஓய்வூதியம் எதுக்கு?" என்று நிதித்துறை திருப்பிக் கேட்கும். அதனால் கோரிக்கையைத் தெளிவா வைப்போம். ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து கட்டிய பங்கில் மட்டும், மருத்துவத்துக்கும் படிப்புக்கும் எடுக்க அனுமதி வேண்டும். அரசின் பங்கு அப்படியே இருக்கட்டும். எடுத்ததைக் காரணம் காட்டி ஓய்வூதியத்தில் கை வைக்கக் கூடாது. பழைய ஓய்வூதியக் கோரிக்கை இதற்கு ஈடாக விட்டுக்கொடுக்கப்படாது.

அடுத்த வட்டாரக் கூட்டத்துக்கு உங்க சி.பி.எஸ். கணக்குத் தாளோடு வாங்க. பிடித்தம் விடுபட்ட மாதங்கள் இருந்தால் அதையும் குறிச்சுக்கிட்டு வாங்க. மனுவில் சேர்ப்போம்.