எண்சுவடியும் ஒளித்திரையும்

(காரைக்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



நம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் ஒளித்திரை வந்துவிட்டது, கணிப்பொறியும் வந்துவிட்டது. மகிழ்ச்சியே. ஆயினும் அண்மையில் பள்ளியொன்றுக்குச் சென்றிருந்தபோது ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை, "மூட்டை 1,400 ரூபாய் என்றால் ஏழரை மூட்டை நெல்லுக்கு என்ன கிடைக்கும்?" என்று வினவினோம். அவன் ஆசிரியரது மேசைமேல் இருந்த கைப்பேசியை நோக்கினான். குற்றம் அவனுடையதன்று. மனக்கணக்கை அவனுக்கு எவரும் பழக்கவில்லை.

இஃது எந்த மண்ணில் நிகழ்ந்தது என்பதே நம்மை வருத்துகிறது. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் கடை வைத்து நடத்திய நகரத்தாரின் மண் இது. பெட்டியடிப் பையனாகக் கப்பலேறும் முன்பே எண்சுவடி மனப்பாடமாகியிருக்க வேண்டும். முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒரு பங்கு. மா 20-இல் ஒரு பங்கு. இவற்றை வாயாற் சொல்லிப் பழகிய பிள்ளைகளே பின்னர் வட்டிச் சிட்டை எழுதினர். பேரேடு பார்த்து ஐந்தொகை கண்டனர்.

மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தின் ஒலியைச் சொல்வது நம் திண்ணைப் பள்ளி முறை. சென்னை ஆதரவற்றோர் பள்ளியொன்றை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற பிள்ளை மற்றப் பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை வழக்கத்தையும் கைக்கொண்டார். 1797-இல் அவர் இதுபற்றி நூல் வெளியிட்டபின் இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்றே பெயர் பெற்றது.

பழமையெல்லாம் பொன் என்று நாம் கூறவில்லை. அத்திண்ணைகளில் பெண் குழந்தைகளைக் காண்பது அரிது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. பிரம்படியும் மிகுதி. அவை மீளவேண்டா.

புதுமையை வெறுப்பவரும் அல்லோம். கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததனால் அல்லவோ மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பெற்றது! 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீட்டிற்கே கொணர்ந்தது. எனினும் திரை மட்டும் போதவில்லை. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' எனத் தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பவேண்டியதாயிற்று. பிள்ளையின் அருகே அமர்ந்து, அவன் தடுமாறும் இடத்தைக் காண ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே எதனை முதலில் வைப்பது என்பதே கேள்வி. மழை நாளில் நேர்சுவருள்ள பாத்திரமொன்றைப் பள்ளி முற்றத்தில் வைத்து, விழுந்த நீரின் உயரத்தைப் பிள்ளைகளே அளக்கட்டும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 10,000 லிட்டர் நீர். நம் வயலில் விழுந்தது எவ்வளவு என்பதை மனத்தாற் கணக்கிட்டுச் சிலேட்டில் எழுதட்டும். கண்மாய்க் கரையில் நடந்து மடையையும் கலுங்கையும் பார்த்து வரட்டும். அதன் பின்னர்த் திரையில், விண்கலம் எடுத்த அதே கண்மாயின் படத்தைக் காட்டுக. வரத்துக் கால்வாய் எங்கே தூர்ந்தது என்பதை அப்போது பிள்ளைகளே நமக்குச் சொல்லுவர்! கணக்கில் ஐயம் வந்தால் சரிபார்க்கக் கைப்பேசி கடைசியில் வரட்டும்.

இதற்குப் பெரும்பணம் வேண்டா. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருடன் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. குழுவில் திரை பழுதானதைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளைக்கு வாய்ப்பாடு வருமா என்று கேட்பதில்லை. அடுத்த கூட்டத்தில் அதனைக் கேட்போம். கடைக் கணக்கு எழுதிப் பழகிய முதியவர் சிலர் இவ்வூர்த் திண்ணைகளில் இன்னும் உள்ளனர். வாரத்தில் ஒரு நாள் அவர்களை வகுப்பிற்கு அழைத்துவரத் தலைமையாசிரியரிடம் இந்த வாரமே பேசுவோம்; அவர்களுக்கும் வயதாகிவிட்டது.