தொண்டர்கள் வந்தால் மட்டும் போதுமா?

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஏழைக் குழந்தைகளின் படிப்புக்குத் தொண்டர்கள் எவ்வாறு உதவலாம் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் சென்னைவாசி, ஏர் பிடித்தறியாதவன். ஆகவே, உங்களுக்குப் புத்திமதி கூற வரவில்லை. மயிலாப்பூர், அடையாறு பக்கங்களில் நடந்த சில காரியங்களையும், நாங்கள் செய்த ஒரு தவற்றையும் சொல்லிப் போகவே வந்தேன்.

அடையாற்றுக்குத் தெற்கே, கடலோரத்தில், ஊரூர் ஆல்காட் குப்பம் என்று மீனவர் குடியிருப்பு ஒன்று உண்டு. வெள்ளைக்காரர் பெயர் குப்பத்துக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கர்னல் ஆல்காட் அமெரிக்கர்; பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவர். தாழ்த்தப்பட்ட மக்களின் குழந்தைகளைப் பள்ளிக்கூட வாசலிலேயே தடுத்து நிறுத்திய காலம் அது. 1894-ஆம் ஆண்டில் அக்குழந்தைகளுக்கென்றே அப்பகுதியில் ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1907-இல் அவர் மறையுமுன் சென்னையில் இத்தகைய பள்ளிகள் ஐந்தாகிவிட்டன. முதற்பள்ளி அவர் பெயராலேயே பெசன்ட் நகரில் மேல்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பள்ளிக்கூடம் எட்டாத இடத்தில் இருந்தால் பிள்ளை வராது. ஆதலால் பிள்ளை இருக்கும் இடத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்.

அடுத்தது மயிலாப்பூர். தாய் தந்தையற்ற சிறுவர்களுக்காக, சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் ஆசியுடன் 1905-இல் அங்கே மாணவர் இல்லம் ஒன்று தொடங்கிற்று. அதன் பாரத்தைத் தோளில் சுமந்தவர்கள் இராமசுவாமி ஐயங்கார், இராமானுஜாசாரியார் என்னும் இரு உறவினர். செல்வந்தர்கள் அல்லர். இராமானுஜாசாரியார் தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகங்கள் நடத்தி, அவ்வருவாயை இல்லத்துக்குக் கொடுத்தார். நாடகம் போட்டு அடுப்பெரித்தார்கள் என்றே சொல்லலாம். பாடம் கற்பிக்க ஆள் கிடைப்பது அரிதன்று. நாள்தோறும் சோறு போடுவதுதான் அரிது. அதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சோற்றைப் பற்றிச் சொல்லும்போது, தியாகராய நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயச் செட்டியாரை மறக்கலாகாது. அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920-இல், ஆயிரம்விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு கொடுக்கத் தீர்மானித்தார்கள். செலவு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படக்கூடாது. ஏழ்மையால் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது குறைகிறது என்பதே அவர் காட்டிய காரணம். இது தொண்டர் சபையின் காரியமன்று என்பீர்கள். உண்மை. ஆனால் இதைச் செய்தது உங்கள் பஞ்சாயத்தைப் போன்ற ஓர் உள்ளாட்சி மன்றமே! ஆரம்பக் கல்வி நிதியை இதற்குச் செலவிடலாகாது என்று அன்றைய அரசாங்கம் தடுத்ததால் 1925-இல் இத்திட்டம் நின்று, பின்னர் மறுபடி தொடங்கிற்று. 1956-இல் காமராசர் காலத்தில் மதிய உணவு கிராமங்களுக்கு வந்தபோது, ஊரார் நெல்லும் பணமும் கொடுத்ததை உங்களில் முதியவர்கள் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இனி எங்கள் தவறு. கடலோரக் குடியிருப்பொன்றில் நாங்கள் சிலர் மாலை வகுப்பு தொடங்கினோம். படித்த இளைஞர்கள், ஆர்வத்துக்குக் குறைவில்லை. பலகை, புத்தகம், வண்ணப் பென்சில் எல்லாம் வாங்கிப் போனோம். முதல் வாரத்தில் உட்கார இடமில்லை. மூன்றாம் மாதம் விரல்விட்டு எண்ணும்படி ஆயிற்று. பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவ்வாறு பேசியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வகுப்பில் கூர்மையான சிறுமி ஒருத்தி இருந்தாள். கணக்கை வாயாலேயே போட்டுவிடுவாள். அவள் இடுப்பில் எப்போதும் ஒரு தம்பி. குழந்தை அழுது பாடம் கெடுகிறது என்று, அவனை வீட்டில் விட்டு வரும்படி சொன்னோம். மறுநாள் முதல் அவளும் வரவில்லை. தேடிப் போனபோது, மீன் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே அவள் தாய் சொன்னாள்: “சாயங்காலம் நான் விற்கப் போய்விடுகிறேன், சார். இவன் யாரிடம் இருப்பான்? அது போகட்டும், நீங்கள் எந்த நாளில் வருவீர்கள், எந்த நாளில் வரமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரிகிறதா?”

இரண்டும் நியாயமான கேள்விகள். எங்களில் ஒருவருக்கு அலுவலக வேலை, ஒருவருக்குத் தேர்வு. வசதிப்பட்ட நாளில் போனோம். பிறகுதான் வகுப்பின் மூலையில் பாய் விரித்து, குட்டித் தம்பி தங்கைகளுக்கும் இடம் கொடுத்தோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அக்குடியிருப்புப் பெண் ஒருத்தியிடமே வகுப்பை ஒப்படைத்தோம். அவளுக்கு மாதந்தோறும் சிறுதொகை திரட்டிக் கொடுப்பது எங்கள் வேலையாயிற்று. கூட்டம் மெல்லத் திரும்பிற்று. அந்தச் சிறுமியும் வந்தாள்; தம்பியும் வந்தான்.

பெருந்தொற்றினால் 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டன. மறு ஆண்டு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, தன்னார்வலர்களை அந்தந்தக் குடியிருப்பிலிருந்தே தேடியதைப் பார்த்தேன். நாங்கள் இடறி விழுந்து கற்றதை அவர்கள் தொடக்கத்திலேயே செய்தார்கள்.

உங்கள் ஊருக்கும் நகரத்திலிருந்து தொண்டர் குழு வரலாம். வரவேற்று மாலை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த நாள், எந்த நேரம் வருவீர்கள் என்று எழுதி வாங்குங்கள். அவர்கள் வராத நாளில் வகுப்பெடுக்க உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கேளுங்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் பஞ்சாயத்துக் கட்டடத்தைத் திறந்துவிடுங்கள். ஒரு விளக்கு, குடிநீர், பெண் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பத் துணை, இவ்வளவே. நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வகுப்பு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த வாரத்தில் வேலை மிகும் என்பது பட்டணத்தாருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

மற்றொன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் இடமுண்டு. அக்கூட்டத்துக்குப் போகும்போது வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிக் கேளுங்கள்: தொடர்ந்து வராத பிள்ளை யார்? அதன் இடுப்பில் தம்பி இருக்கிறானா, கையில் ஆட்டுக்கயிறு இருக்கிறதா?

என் பேச்சு இவ்வளவுதான். மாலைவரை இங்கேயே இருப்பேன். தம் ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் முதலில் வாருங்கள்.