முதலிடம் கொடுத்தால் முதலில் வந்துவிடுமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், சிறுவர் ஷட்டில் போட்டி பற்றிய விவாதத்துக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன வருஷம் நம் சிறுவர் ஷட்டில் போட்டியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பதினாறு பெயரையும் சீட்டெழுதிக் குலுக்கினோம். இருப்பதிலேயே நன்றாக ஆடும் இரண்டு பெண் குழந்தைகள் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டார்கள். தோற்ற குழந்தை காலை ஏழரை மணிக்கே அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. மாலை நடந்த இறுதிப் போட்டியைப் பார்க்க ஆளில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் லிஃப்டில் முகம் பார்த்துப் பேசச் சில வாரம் ஆனது. இந்த வருஷம் சீடிங் வைப்போம் என்று சிலரும், "அது முடிவை முன்கூட்டியே எழுதி வைப்பது" என்று சிலரும் வாட்ஸ்அப் குழுவில் இரவு பன்னிரண்டு மணி வரை எழுதினீர்கள். நான் எதுவும் எழுதவில்லை. படித்துக்கொண்டிருந்தேன்.

சீடிங் என்பதில் வரும் சீட் உட்காரும் சீட் இல்லை, விதை. நல்ல விதைகளை ஒரே மூலையில் கொட்டாமல் வயல் முழுக்கத் தூவுவது போல, பலமானவர்களை அட்டவணை முழுக்கப் பரப்பி வைப்பது. இதை மிகப் பெரிய அளவில் செய்வது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மார்ச் மாதத்தில் அதைப் பார்த்தே எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்தப் போட்டி 1939-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 1979-ல் எல்லா அணிக்கும் வரிசை எண் கொடுத்தார்கள். 1985-ல் 64 அணிகள். நான்கு மண்டலம், மண்டலத்துக்குப் பதினாறு அணி. முதல் சுற்றில் 1-ம் எண் 16-ஐச் சந்திக்கும், 2-ம் எண் 15-ஐ, 8-ம் எண் 9-ஐ. எந்த ஜோடியைக் கூட்டினாலும் பதினேழு வரும். 2011-ல் 68 அணிகள் ஆயின. அந்தக் கூடுதல் நான்கு ஒரு முன்சுற்றிலேயே கழிந்துவிடும். தோற்றால் வெளியே, இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டா? 1985 முதல் 2025 வரை, கொரோனாவால் நடக்காத 2020-ஐ விட்டால், நாற்பது போட்டிகள். எண்ணுக்கு அர்த்தமே இல்லையென்றால், 64-ல் நான்கு அணிகள்தான் 1-ம் எண் என்பதால், அவர்களுக்கு இரண்டு மூன்று கோப்பை கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது இருபத்தாறு. (அதில் ஒன்றை விதிமீறலுக்காகப் பிற்பாடு பறித்தார்கள், களத்தில் ஜெயித்தது ஜெயித்ததுதான்.) 1-ம் எண்ணும் 16-ம் எண்ணும் மோதிய 160 ஆட்டங்களில் பெரிய அணி தோற்றது இரண்டே முறை.

அப்படியானால் எழுதி வைத்த முடிவுதானே என்பீர்கள். அந்த இரண்டைச் சொல்கிறேன்.

2018-ல் வர்ஜீனியா. அந்த வருஷம் 68 அணிகளில் முதல் அணி என்று குழுவே மதிப்பிட்ட அணி. எதிரே யூ.எம்.பி.சி., மேரிலாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகம். பாதி ஆட்டத்தில் 21-21. முடிவில் 74-54, சின்ன அணிக்கு. அடுத்த வருஷம் அதே வர்ஜீனியா மறுபடி 1-ம் எண்ணோடு வந்து கோப்பையை வாங்கியது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது வருஷம்தான்.

2023-ல் பர்டியூ. அன்று நான் இண்டியானாவில் மகன் வீட்டில் இருந்தேன். அது அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம். அவர்களிடம் ஸாக் ஈடி என்று 7 அடி 4 அங்குல ஆள். எதிரே ஃபேர்லி டிக்கின்சன், அந்தப் பருவத்தில் முதல் பிரிவிலேயே சராசரி உயரம் குறைந்த அணி. தன் லீக் கோப்பையைக்கூட அவர்கள் வாங்கவில்லை; வாங்கிய அணி மேல் பிரிவுக்குப் புதிது, இன்னும் தகுதி வரவில்லை என்பதால் இவர்களுக்கு இடம் கிடைத்தது. முன்சுற்று ஆடி உள்ளே வந்தவர்கள். ஈடியிடம் பந்து போகவே விடாமல் இரண்டு பேர் மூன்று பேராகச் சூழ்ந்துகொண்டார்கள். 63-58. பக்கத்து வீட்டில் டிவியை அணைத்த சத்தம்கூட எனக்குக் கேட்டது போல இருந்தது.

பெண்கள் போட்டியில் இது முன்பே நடந்துவிட்டது. 1998-ல் 16-ம் எண் ஹார்வர்ட், 1-ம் எண் ஸ்டான்ஃபோர்டை அவர்கள் சொந்த அரங்கத்திலேயே 71-67 என்று தோற்கடித்தது. ஸ்டான்ஃபோர்டின் முக்கிய ஆட்டக்காரர்கள் இருவருக்குப் போட்டிக்குச் சற்று முன்புதான் முழங்காலில் அடி. பட்டியல் போடும்போது தெரிவது வேறு, ஆடும் நாளின் நிலைமை வேறு.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். 1-ம் எண் அணி ஜெயிப்பது எண்ணால் இல்லை, அது நல்ல அணி என்பதால். ஆனால் நடுவில் இருப்பவர்களுக்கு எண்ணே விதியாகிவிடுகிறது. 8-ம் எண்ணும் 9-ம் எண்ணும் மோதினால் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. ஜெயித்தவருக்குப் பரிசு என்ன? அடுத்த ஆட்டத்தில் பெரும்பாலும் 1-ம் எண். 10, 11, 12-ம் எண்களுக்கு முதல் ஆட்டம் கடினம், ஆனால் அதைத் தாண்டினால் எதிரே வருவது 2, 3 அல்லது 4. அதனால் கடைசிப் பதினாறு அணிகளுக்குள் 9-ம் எண் வந்ததை விட 10, 11, 12 அதிக முறை வந்திருக்கின்றன. தரத்தில் கீழே என்று எழுதப்பட்டவருக்குப் பாதை நன்றாக அமைந்துவிட்டது! 8-ம் எண்ணோடு கோப்பை வரை போனது 1985-ன் வில்லனோவா மட்டும்தான்.

இப்போது நம் கோர்ட்டுக்கு வருகிறேன். பதினாறு பெயரைக் குலுக்கினால், சிறந்த இருவரும் ஒரே பாதியில் விழ பதினைந்தில் ஏழு வாய்ப்பு. அதாவது ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் இறுதியில் சந்திக்கவே முடியாது. போன வருஷம் யாரும் சதி செய்யவில்லை, குலுக்கல் அப்படித்தான்.

அதனால் என் யோசனை: முதல் நான்கு பேருக்கு மட்டும் எண். அதுவும் கமிட்டிக்குத் தெரிந்த குழந்தை, சத்தமாகப் பேசும் அப்பா என்று பார்க்காமல், போன வருஷ ஆட்டங்களின் ஸ்கோரை வைத்து. முதல் சுற்றில் தோற்ற அந்தக் குழந்தையின் ஸ்கோரும் அதில் வர வேண்டும். சாம்பியனிடம் மூன்று செட் ஆடித் தோற்றவள் அவள். மீதிப் பன்னிரண்டு பேரையும் குலுக்கல்தான். ஐந்தாமவர் யார், ஒன்பதாமவர் யார் என்று பத்து வயதுப் பிள்ளைகளை நாம் வரிசைப்படுத்த வேண்டாம். அதைச் சரியாகச் செய்ய நமக்குத் தெரியாது, செய்தாலும் நடுவில் மாட்டியவருக்குப் பாதை கெட்டுப்போகும். புதிதாகக் குடிவந்த வீட்டுப் பிள்ளைகளும் குலுக்கலில்தான். அவர்களில் ஒரு யூ.எம்.பி.சி. இருந்தால் பார்த்துக்கொள்வோம்.

போன வருஷ ஸ்கோர் தாள்கள் கிளப் ஹவுஸ் அலமாரியில் இருக்கின்றன, பார்த்துவிட்டேன். ஒரு தாளில் மட்டும் காபி கொட்டி எண் தெரியவில்லை. அந்த ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், கொஞ்சம் நினைவுபடுத்திச் சொல்லுங்கள் சார். டீ வந்துவிட்டது.