மடிநோயா? ஊசிக்கு முன்னால் பால் மாதிரி எடுங்கள்



காலையில் பால் பீய்ச்சப் போகிறீர்கள். மடி கல்லாட்டம் இருக்கிறது, தொட்டால் மாடு உதைக்கிறது, பால் திரிதிரியாக வருகிறது. உடனே டாக்டரிடம் போய், "போன தடவை போட்டீங்களே, அதே ஊசியைப் போடுங்க" என்கிறோம். கேட்டால் சரி. கேட்காவிட்டால் நாலு நாள் கழித்து வேறொரு ஊசி. அதற்குள் அந்தக் காம்பில் பால் நின்றே போகலாம். மடியின் நாலு பாகமும் தனித்தனி அறைகள். ஒன்று கெட்டால் பாலும் குறையும், சந்தையில் மாட்டின் விலையும் இறங்கும்.

மடிநோய் என்று பேர்தான் ஒன்று. அதை உண்டாக்கும் கிருமிகள் பல. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையில் ஒன்று மாட்டின் மடியிலேயே குடியிருப்பது. பெரும்பாலும் பெனிசிலினுக்குக் கட்டுப்பட்டுவிடும். ஈ. கோலை சாணியிலிருந்து வருவது. நேற்று நன்றாக இருந்த மாடு இன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிடும், பால் தண்ணீராக வரும். பெனிசிலின் இதனிடம் செல்லாது. மூன்றாவது ஸ்டெபிலோகாக்கஸ். இதுதான் பொல்லாதது. கறப்பவர் கையோடு மாட்டுக்கு மாடு தாவும். மடிக்குள் ஆழமாகப் போய்ச் சீழ்க்கட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். அங்கே மருந்து எட்டாது. வீக்கம் வற்றிவிட்டது என்று நினைப்போம், அடுத்த மாதம் மறுபடி வரும். இப்படிப்பட்ட மாட்டைச் சத்தமில்லாமல் சந்தைக்கு ஓட்டுகிறவர்களும் உண்டு. அது அடுத்தவர் தொழுவத்துக்கு நோயை விற்பதுதான்.

இவற்றில் எது என்று கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆய்வுக்கூடத்தில் செம்மறியாட்டு ரத்தம் கலந்த ஊட்டக்கூழில் பாலைத் தடவி, 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். 24 மணி முதல் 48 மணிக்குள் கிருமி புள்ளி புள்ளியாக வளரும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஸ்டெபிலோகாக்கஸ் திராட்சைக் கொத்துப்போலவும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மணி கோத்தாற்போலவும் தெரியும். பிறகு மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகளைக் கிருமியின்மேல் வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் நல்ல வட்டம் விழுகிறதோ, அந்த மருந்தை டாக்டர் தேர்ந்தெடுக்கலாம்.

இதில் உங்கள் பங்கு மாதிரி எடுப்பது. ஊசி போடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். போட்டபின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்த குப்பி கேட்டு வாங்குங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பைக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். முதல் மூன்று நாலு பீச்சை வேறு பாத்திரத்தில் விட்டுவிடுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் காம்பு நுனியை அழுக்கு வராத வரை துடையுங்கள், காம்புக்கு ஒரு பஞ்சு. துடைக்கும்போது எட்ட உள்ள காம்பை முதலில். பால் எடுக்கும்போது கிட்ட உள்ளதை முதலில். அப்போதுதான் துடைத்த காம்பில் கை படாது. குப்பியைச் சாய்த்துப் பிடித்து இரண்டு ஸ்பூன் அளவு பிடித்தால் போதும். குப்பியின் வாய் காம்பில் படக்கூடாது. எந்த மாடு, எந்தக் காம்பு என்று சீட்டு ஒட்டி, ஐஸ் போட்ட தெர்மாஸில் வைத்து அன்றைக்கே டாக்டரிடம் கொடுங்கள். மாவட்டத்திலுள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்ப அவர் வழி சொல்வார். மூன்று நாலு விதக் கிருமி வளர்ந்தால், அழுக்கு விழுந்த மாதிரி என்று தள்ளிவிடுவார்கள். அலைந்தது வீண்.

சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துத் தடவுகிறீர்களே, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதிரி எடுத்தபிறகு தடவுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மாடு காய்ச்சலில் படுத்துவிட்டால் முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாதிரியை எடுத்து வைத்துக்கொண்டு, வைத்தியத்தை அப்போதே தொடங்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் டாக்டர் மருந்தை மாற்றிக்கொள்வார்.

அதுவரை நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியாகப் பீய்ச்சுங்கள். அந்தப் பாலைத் தரையில் பீய்ச்ச வேண்டாம். பாத்திரத்தில் பிடித்து, கிருமிநாசினி கலந்து, தொழுவத்துக்கு எட்டக் குழி வெட்டி ஊற்றி மூடுங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை, டாக்டர் சொல்லும் நாள் கழியும்வரை சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.