இருவரும் சுமந்த ஒரே வார்த்தை

(வானொலி மறையுரை: இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு, நவம்பர் 2)

வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 9:36-42, யோவான் 11:17-44



இன்று கல்லறைத் திருநாள். காலையிலேயே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்திருப்போம். மாலையில் பூவும் மெழுகுதிரியுமாகக் குடும்பத்தோடு அங்கே நிற்போம். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். பிரான்ஸ் நாட்டுக் குளூனி மடத்தின் தலைவராக இருந்த புனித ஓதிலோ, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் துறவிகளுக்கு ஏற்படுத்திய நினைவு நாள் இது. இன்று உலகத் திருஅவை முழுவதும் இந்நாளில் மரித்தோருக்காகச் செபிக்கிறது.

மந்திரிப்புக்குக் காத்திருக்கும் நேரத்தில் பக்கத்துக் கல்லறைகளில் எழுதியிருக்கும் ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்போம். 85, 90 என்று வந்தால், "நல்லா வாழ்ந்து போனாங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவோம். 44 என்று வந்தால் கால் அங்கேயே நின்றுவிடும். எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு கல்லறை உண்டு. அது எங்கள் தாய்மாமாவின் கல்லறை.

நாங்கள் நான்கு பிள்ளைகள். அதில் ஒருவர்தான் இப்போது உங்களோடு பேசுவது. எங்கள் நால்வருக்கும் மாமா மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். ஊர்ச் சந்தியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தார். சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்து எங்களுக்குச் சைக்கிள் பழக்கியதும் அவர்தான். வாடகைச் சைக்கிளோடு யாராவது விழுந்தால், கடைக்காரர் முதலில் சைக்கிளுக்கு என்ன ஆயிற்று என்றுதான் பார்ப்பார். மாமா முதலில் முழங்காலைப் பார்ப்பார். "ரத்தம் வருதா மருமகனே? சைக்கிள் கெடக்கு, அதைத் தட்டி நிமித்திக்கலாம்" என்பார். எங்களுக்கு மட்டுமல்ல, ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மாமாதான்.

எங்கள் தங்கையின் புதுநன்மைக்கு முந்தின நாள். மாமா வெள்ளைக் கவுனும் தலைமுடியும் மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. "வாயுப் பிடிப்புதான்" என்று அவரே சொன்னார். நாங்களும் நம்பினோம். எங்கள் அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனதும் அத்தை சோடா வாங்கிக் கொடுத்தார்கள். விடியும் முன்னே மாமா போய்விட்டார். பந்தல் அப்படியே இருந்தது. விருந்துக்கு வர வேண்டியவர்கள் அடக்கத்துக்கு வந்தார்கள்.

அன்று முதல் எங்கள் அம்மாவின் வாயில் ஒரே வார்த்தைதான். "ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தா தம்பி பொழச்சிருப்பான்." அடுப்படியில் சொல்வார்கள், செபமாலை முடிந்ததும் சொல்வார்கள், கல்லறைத் திருநாள்தோறும் சொல்வார்கள். எங்களிடம் மட்டுமே சொன்னார்கள், அத்தையிடம் ஒருபோதும் சொன்னதில்லை. இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்ற அத்தையின் முகத்தைப் பார்க்கவே அம்மாவுக்குப் பயம். நல்லது கெட்டதுக்குப் போய் வந்தார்கள். ஆனால் பழைய பேச்சு இல்லை. நாத்தனாருக்குக் கோபம் என்று அத்தை வீட்டார் நினைத்தார்கள். அத்தைக்கு மனத்தாங்கல் என்று நாங்கள் நினைத்தோம்.

அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியில் பெத்தானியாவைப் பாருங்கள். இலாசரைக் கல்லறையில் வைத்து நான்கு நாளாகிவிட்டது. மார்த்தா ஊருக்கு வெளியே போய் ஆண்டவரைச் சந்திக்கிறார். மரியா வீட்டில் இருக்கிறார், பிறகு வருகிறார். அக்காளும் தங்கையும் தனித்தனியே வந்தாலும், ஆண்டவரிடம் சொல்வது ஒரே வார்த்தை: அவர் அங்கே இருந்திருந்தால் தங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டான். நான்கு நாளும் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் அந்த வார்த்தையைத்தான் சுமந்திருக்கிறார்கள்.

ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. 'இப்படிப் பேசலாமா, இது விசுவாசக் குறைவு' என்று சொல்லவில்லை. மார்த்தாவுக்கு உயிர்ப்பைப் பற்றிச் சொன்னார். மரியாவின் கண்ணீரைக் கண்டு தாமும் கண்ணீர் விட்டார். சிறிது நேரத்தில் இலாசரை எழுப்பப்போகிறவர்தான் அழுதார். ஆகவே, இறந்தவருக்காக அழுவது விசுவாசத்துக்கு எதிரானது என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

புனித அகுஸ்தினாரும் தம் தாய் மோனிக்கா 387ஆம் ஆண்டு ஓஸ்தியா நகரில் இறந்தபோது கண்ணீரை அடக்கி அடக்கிப் பார்த்தார். பிறகு தனிமையில், கடவுளின் முன்னிலையில் அழுது தீர்த்தார். அந்தத் தாய் தம் மக்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே: உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவரின் பீடத்தில் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருவோம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கல்லறைத் திருநாளில் மழை பிடித்துக்கொண்டது. அம்மாவும் அத்தையும் ஒரே குடையின் கீழ் நிற்கும்படி ஆயிற்று. என்ன தோன்றியதோ, அம்மா வாய்விட்டுச் சொன்னார்கள்: "நான் கஷாயத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேனே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பலையே." அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: "மதினி, நான் சோடா வாங்கிக் கொடுத்துட்டு, தூங்குங்கன்னு சொல்லிப் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டேனே. அதை யார்கிட்டச் சொல்ல?"

இரண்டு பேரும் ஒரே வார்த்தையை இருபது ஆண்டுகளாகத் தனித்தனியே சுமந்திருக்கிறார்கள். அன்று அவர்கள் அழுத அழுகையை, மாமா இறந்த அன்றுகூட நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா அந்த வார்த்தையைச் சொல்வது குறைந்துபோயிற்று. வலி போய்விடவில்லை. தனியாகச் சுமந்ததை அன்று முதல் இருவராகச் சுமந்தார்கள்.

இனி முதல் வாசகம். யோப்பா நகரில் தபித்தா என்ற சீடர் இறந்துவிடுகிறார். பேதுரு வந்தபோது கைம்பெண்கள் எல்லாரும் அழுதுகொண்டே, தபித்தா செய்துகொடுத்த ஆடைகளை அவருக்குக் காட்டுகிறார்கள். நல்லவரை நினைப்பது எப்படி என்று அந்தப் பெண்களிடம் கற்றுக்கொள்வோம். அவர் எப்படி இறந்தார் என்பதையே பேசிப் பேசி, அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மாமாவின் 44 ஆண்டுகளை, ஒரு மாலை நேரத்துக் கஷாயத்தில் நாங்கள் தொலைக்கப் பார்த்தோம்.

மாமாவின் முப்பதாம் நாள் திருப்பலியில்தான் எங்கள் தங்கை புதுநன்மை வாங்கினாள். மாமா வாங்கித் தந்த அதே வெள்ளைக் கவுன். பூசை முடிந்து வெளியே வந்தபோது, ஊரார் அந்தக் கவுனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மாமா தங்களுக்குச் செய்ததைச் சொன்னார்கள். பரீட்சை நாட்களில் பிள்ளைக்கு வாடகை வாங்காமல் சைக்கிள் கொடுத்தது, பிரசவ வலி எடுத்தவளுக்காக நடுராத்திரியில் வண்டி பிடித்து வந்தது. அவ்வளவும் அதுவரை எங்களுக்குத் தெரியாது.

கடையின் கணக்கு நோட்டில் பாக்கி வைத்திருந்தவர்கள் பெயர் நிறைய இருந்தது. கையில் காசில்லாத நேரம். போய்க் கேட்கலாம் என்று எங்களில் சிலர் சொன்னோம். "தாறவங்க தரட்டும். அவர் கேக்காததை நான் கேக்க மாட்டேன்" என்றார்கள் அத்தை. எங்களுக்கு அப்போது கோபம்தான் வந்தது. பாதிப்பேர் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள், மீதிப்பேர் வரவில்லை. அத்தை தையல் மிஷின் மிதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். மாமாவின் மனசு அந்த வீட்டில் தொடர்ந்து வாழ்ந்தது என்று நாங்கள் புரிந்துகொள்ள வெகுநாள் ஆயிற்று.

அன்பானவர்களே, இன்று மாலை கல்லறையில் நிற்கும்போது மூன்று காரியம் செய்வோம். பல நாள் சொல்லாமல் சுமக்கும் வார்த்தை இருந்தால், பக்கத்தில் நிற்கும் உறவிடம் சொல்லிவிடுவோம், ஆண்டவரிடமும் சொல்லுவோம். நம்மை விட்டுப் போனவர் செய்த நன்மை ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி, அதை நாமும் செய்யத் தொடங்குவோம். மூன்றாவது, உயிரோடு இருப்பவர்களுக்காக. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் வாயு என்று தள்ளிவிட வேண்டாம். அன்று எங்களுக்கு 108 ஆம்புலன்ஸ் இல்லை. இன்று இருக்கிறது. உடனே கூப்பிடுங்கள்.

செபிப்போம். இலாசரின் கல்லறை அருகே கண்ணீர் விட்ட ஆண்டவரே, சீக்கிரமாய் எங்களை விட்டுப் பிரிந்த எங்கள் அன்புக்குரியவர்களை உம் கையில் ஒப்படைக்கிறோம். அவர்களுக்கு உமது இளைப்பாற்றியைத் தாரும். தங்களையே குற்றம் சாட்டிக்கொண்டு வாழும் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் உம் சமாதானத்தைத் தாரும். நாங்கள் எல்லாரும் உம் பந்தியில் மீண்டும் ஒன்றுகூடும் நாள் வரை, அவர்கள் விட்டுச்சென்ற அன்பை எங்கள் கையால் தொடரச் செய்தருளும். ஆமென்.