முதிர்ந்த தேறல்

கள் என்றால் முகஞ்சுளிக்கிற நம்மவர், சங்கப் பாட்டில் அது வந்தால் 'தேறல்' என்று வாய்நிறையச் சொல்வார்கள். தெளிந்தது தேறல். அந்தச் சொல்லின் பொருளை நான் நாவினால் அறிந்தது, பெரியகல்லாற்றில், வாவிக் காற்று வீசுகிற எங்கள் வீட்டு விறாந்தையில்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது ஊரைவிட்டுப் போன என் மைத்துனர் வியன்னாவிலிருந்து வந்திருந்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமற் போனவர். அதை நான் மறந்தவனல்லன். "நான் வெளிக்கிட்ட வருசத்து வைன், மச்சான்" என்று ஒரு போத்தலை எடுத்து வைத்தார். டான்யூப் நதிக்கரையில் வாஹவ் பள்ளத்தாக்கின் கல்லடுக்கிய வரம்புகளில் விளையும் 'குறூனர் வெல்ற்லீனர்' என்ற முந்திரிகையின் வெள்ளை வைன்.

தக்கை பாதியில் முறிந்தது. தேநீர் வடியில் வடித்தோம். பழந்தேனின் நிறம். முதல் மிடற்றில் ஈரமண்ணும் பழம்பெட்டி வாடையுந்தான்.

"பழுதாப் போச்சு" என்றேன். உள்ளூரச் சிறிது சந்தோசத்தோடுதான்.

"பொறு மச்சான், மறுகா பாரு."

இருபது நிமிடம் கழித்துத் தேன் வந்தது, வறுத்த கச்சான் வந்தது, கடைசியாக மிளகு. அது என் கற்பனையன்று. கறிமிளகுக்கு மணந்தரும் 'றொட்டண்டோன்' என்ற அதே பொருளை இந்த முந்திரிகையிலும் ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள்.

நமது தென்னங்கள் காலையில் இனிப்பு, மாலையில் கடுப்பு, பிறகு வினாகிரி. புளிப்பு அதற்கு முடிவு. இந்த வைனுக்கோ புளிப்புத்தான் காவல். கள்ளின் புளிப்பு நுண்ணுயிர்கள் பின்னர் செய்வது; இது பழத்தோடு பிறந்தது. குளிர்ந்த இரவுகள் அதைப் பழத்திற் குறையாமல் வைத்திருக்கின்றன. அது வைனை ஆண்டுக்கணக்கிற் சாகவிடாமல் நிறுத்துகிறது.

முதிரவைக்கும் வித்தை நமக்கும் புதிதன்று. பாரியின் நாட்டைப் பாடும் கபிலரின் புறநானூற்றுப் பாட்டில் நிலத்திற் புதைத்து முதிர்ந்த மது வருகிறது. திருமுருகாற்றுப்படையில் மலைவாழ் மக்கள் மூங்கிலில் விளைந்த தேறலைச் சுற்றத்தோடு பருகுகிறார்கள். நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துமிடத்தில் யவனர் கொணர்ந்த மது. அந்த யவனர் பொன் கொடுத்து ஏற்றிப்போனது மிளகு என்று அகநானூறு சொல்லும். ஐரோப்பாவிலிருந்து வந்த போத்தலில் மிளகு மணத்தது வேடிக்கைதான்.

இருட்டிவிட்டது. மைத்துனர் வாவியைப் பார்த்தபடியே கேட்டார்: "சொல்லாமப் போனது இன்னும் மனசில கிடக்கா?"

"கிடக்கு" என்றேன். "ஊத்து."

போத்தலின் அடியில் இரண்டு மிடறு மிச்சமிருந்தது.